ஒரு நாள் வயதுப் பணியாளர்கள்

ஒரு காலி நாற்காலி மனிதனை இந்தப் பாடு படுத்தும் என்று மாதேஸ்வரன் அதுவரை நினைத்ததில்லை. கோழிக்குஞ்சு பொரிக்கும் அந்த ஹேச்சரியின் சாப்பாட்டுக் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, நீலப் பிளாஸ்டிக்கில், கால் ஒன்று லேசாக விரிந்து, பார்க்க அப்பாவியாகத்தான் இருந்தது அது. பக்கத்தில் ஒரு மேசை, மேசைமேல் வெள்ளை ஐஸ் பெட்டி, பெட்டிக்குப் பின்னால் நாமக்கல் டவுனிலிருந்து வந்திருக்கும் நர்ஸ் பர்வீன். கையுறை மாட்டி, பஞ்சை உருட்டி வரிசையாக வைத்துவிட்டு ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். இப்போது மணி ஒன்பதரை. பத்தரைக்கு அவள் கிளம்பி வேறொரு தீவன ஆலைக்குப் போயாக வேண்டும். இந்த அரை மணியில் அந்த நாற்காலியில் ஈ காக்கைகூட உட்காரவில்லை. எதிரே நீளப் பெஞ்சுகளில் நாற்பத்து மூன்று பெண்கள் பச்சைச் சீருடையும் தலைக்கு வலைத் தொப்பியுமாக, பந்திக்கு இலை போடட்டும் என்று காத்திருப்பவர்களைப் போல நிதானமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண்ணெல்லாம் நாற்காலிமேல் இல்லை, மாதேஸ்வரன்மேல்தான். அவன்தானே சூப்பர்வைசர். ஐப்பசி மழைக்கு முன்னால் எல்லாருக்கும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுவிட வேண்டும் என்று முதலாளியின் காதில் இரண்டு மாதமாக ஓதி, கம்பெனிக்கு வந்துபோகும் கால்நடை டாக்டரை விட்டும் சொல்லவைத்து, ஒரு வழியாக முதலாளியைத் தலையாட்ட வைத்தவன் அவன்தான். கட்டாயம் ஒன்றுமில்லை, விருப்பப்பட்டவர்கள் மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று நேற்று இதே கூடத்தில் நின்று பெருந்தன்மையாக அறிவித்தவனும் அவன்தான். அந்தப் பெருந்தன்மை இன்று பல்லிளித்தது. விருப்பம் ஒருத்திக்கும் வரவில்லை. அவன் போய் மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டினான். பஞ்சு பறக்கிறது என்று நர்ஸ் சொன்னாள். ஒரு புள்ளி குறைத்தான். குடிதண்ணீர் கேனில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தான், இருந்தது. இல்லாமல் இருந்தால் அதை மாற்றும் சாக்கில் ஒரு பத்து நிமிடத்தை ஓட்டியிருக்கலாம்.

எல்லாம் அந்த ஃபாரத்தால் வந்த வினை. ஃபாரம், ஃபாரம் என்று நேற்றிலிருந்து அவன் மண்டைக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம், வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், ஊழியர் தடுப்பூசிக்கு ஒரு பட்டியல் வேண்டுமே என்று கம்ப்யூட்டரைத் திறந்தவன், புதிதாக ஒன்று தயாரிக்கச் சோம்பல்பட்டு, வழக்கமாகக் குஞ்சுகளுக்குப் பயன்படுத்தும் தடுப்பூசிப் படிவத்தையே எடுத்தான். அதில் குஞ்சுகள் என்று வரும் இடத்திலெல்லாம் பணியாளர்கள் என்று மாற்றச் சொல்லி ஒரு தட்டுத் தட்டினான். கம்ப்யூட்டர் சொன்ன பேச்சுக் கேட்கும், அவ்வளவுதான், அதற்கு வேறு விவஸ்தை கிடையாது. தலைப்பு, ‘ஒரு நாள் வயதுப் பணியாளர்களுக்கான தடுப்பூசி விவரம்’ என்று கொட்டை எழுத்தில் வந்து நின்றது. அதைப் படிக்காமலே அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி, கால் கழுவும் தொட்டிக்கு மேலே இருக்கும் பலகையில் ஒட்டிவிட்டுப் போய்விட்டான். உள்ளே வருகிற ஒவ்வொரு ஆளும் மருந்துத் தண்ணீரில் காலை முக்கிக்கொண்டு அரை நிமிடம் நின்றே ஆக வேண்டிய இடம் அது. அரை நிமிடத்துக்கு வேறென்ன செய்வது, பலகையைத்தான் படிப்பார்கள். பெயருக்கு எதிரே கட்டம் கட்டமாக இருந்தது: மருந்தின் பெயர், ஊசி போட்டவர், இறப்பு, கழிவு, அனுப்பப்படும் ஊர். இறப்பு என்று ஒரு கட்டம். நாற்பத்து மூன்று பெயருக்கும் எதிரில் நிரப்பத் தயாராக, காலியாக. புதன்கிழமை மத்தியானம் வாட்ச்மேன் வந்து, ஏனுங் சார், கழிவுல போறவங்களுக்கு பி.எஃப். உண்டுங்களா என்று கேட்டபோதுதான் அவனுக்கு விஷயமே தெரிந்தது. ஓடிப்போய்க் கிழித்தான். கிழித்து என்ன பயன், இரண்டு நாள் ஊரே படித்தாகிவிட்டது. வீட்டில் சொன்னபோது மனைவி கோமதி சிரித்த சிரிப்பில் கல்லிலிருந்த தோசை கருகிப்போயிற்று. கருகினதை அவனுக்கே வைத்துவிட்டு, உங்கள எந்த ஊருக்கு அனுப்பப் போறாங்கன்னு பாத்துச் சொல்லுங்க, துணி எடுத்து வைக்கோணுமில்ல என்றாள். சிரிப்பதற்கு எல்லாருக்கும் நேரம் இருந்தது. ஆனால் இந்தப் பெண்கள் சிரிக்கவில்லையே, நேற்றிலிருந்து ஒருத்திகூட அதைப் பற்றி அவனிடம் வாய் திறக்கவில்லையே, அதுதான் அவனை உறுத்தியது. பயந்துவிட்டார்கள். காலை மருந்துத் தண்ணீரில் வைத்துக்கொண்டு தன் பெயருக்கு நேரே இறப்பு என்று படித்தால் யாருக்குத்தான் பயம் வராது.

இதில் முட்டை விவகாரம் வேறு. இந்தத் தடுப்பூசியை முட்டைக்குள் வைத்துத்தான் வளர்க்கிறார்கள் என்று கால்நடை டாக்டர் தமக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லும் உற்சாகத்தில் சொல்லிவைக்க, கூட்டத்தில் பாதிப் பேர் புரட்டாசி விரதம். முட்டையில் செய்த மருந்து உடம்புக்குள் போனால் விரதம் என்னாவது என்று ஒரு கேள்வி கிளம்பியது. பொழுதன்னைக்கும் முட்டைக்கு நடுவில் புழங்கி, முட்டையில் சம்பளம் வாங்கி, முட்டை நாற்றத்தோடு பஸ் ஏறுகிறவர்கள் கேட்கிற கேள்வியா இது என்று அவனுக்கு வாய் வரைக்கும் வந்தது. நல்லவேளை, பர்வீன் முந்திக்கொண்டு, நாக்குல படாததெல்லாம் கணக்கு இல்லைங்க்கா, நாங்க நோம்பு வெச்சிருக்கும்போதே ஊசி போட்டுக்குவோம் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினாள். அவர்களும் சரி என்றுதான் தலையாட்டினார்கள். ஆட்டிய தலை ஆட்டியபடி இருந்தது, ஆள்தான் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் முதல் பெஞ்சு ஓரத்திலிருந்து பாவாயி வாயைத் திறந்தாள்.

“மொதல்ல நீங்க போட்டுக்குங்க சார். போட்டுக்கிட்டுப் பத்து நிமிசம் நேரா நில்லுங்க. நாங்க பாக்கறோம்.”

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பாவாயி எதையும் சத்தமாகச் சொல்லிப் பழக்கமில்லை. நாற்பத்தாறு வயது, பதினோரு வருட சர்வீஸ், குஞ்சுக்கு ஊசி போடுவதில் அவள் கைக்கு ஈடு அந்தக் கூடத்தில் இல்லை. ஒரு குஞ்சை எடுத்து, கழுத்துத் தோலை இரண்டு விரலில் தூக்கி, குத்தி, அடுத்த பெட்டியில் விடுவதற்கு அவளுக்கு ஒரு மூச்சுக்கு மேல் ஆகாது. அவள் சொன்னால் மற்ற நாற்பத்திரண்டு பேரும் சொன்ன மாதிரி. சரியான பேச்சுத்தானே, இதற்கென்ன, இதோ என்று மாதேஸ்வரன் சிரித்தான். சிரித்துக்கொண்டே நின்றான். கால் நகரவில்லை. பத்து வருடமாக அவன் கட்டிக் காத்துவரும் ரகசியம் ஒன்று இருந்தது, கோமதிக்கு மட்டும் தெரியும்: மாதேஸ்வரனுக்கு ஊசி என்றால் ஆகாது. பொரிப்பு நாளில் எண்பதாயிரம் ஊசி விழும் இடத்தில் வேலை, ஒரு ஊசியையும் அவன் நேருக்கு நேர் பார்த்ததில்லை. பெட்டியைப் பார்ப்பான், குஞ்சைப் பார்ப்பான், கடிகாரத்தைப் பார்ப்பான். மேற்பார்வை என்ற சொல்லுக்கு மேலாகப் பார்ப்பது என்றே பொருள் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருந்தான். நான்காம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கு ஊசி போடும் ஜீப் வந்தபோது ஜன்னல் வழியாகக் குதித்து ஓடி, சோளக்காட்டு முள்கம்பி வேலியில் தொடை கிழிந்து, துருக்கம்பி என்பதால் அதற்கு ஓர் ஊசி, தப்பித்த ஊசி ஒன்று என்று இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, இரண்டாவதில் மயங்கி வாத்தியார் மடியில் விழுந்தவன் அவன். வாத்தியார் மடியில் விழுந்தது பரவாயில்லை. இங்கே விழுந்தால் இந்தப் பெண்கள் மடியில்தான் விழ வேண்டும். விழுந்தவனைப் பார்த்த பிறகு ஒருத்தி எழுந்து வருவாளா? ஐஸ் பெட்டி மூடி போட்டபடி தீவன ஆலைக்குப் போய்விடும், இரண்டு மாதம் ஓதினது வீண், அடுத்த மாதம் மழை பிடிக்கும், காய்ச்சல் வரும், போன வருடம் வந்த மாதிரியே வரும். போன வருடம் என்று நினைப்பு வந்ததும் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

ஏனென்றால் ஃபாரம்கூட மேலுக்குத்தான், அடியில் இருந்தது அது. போன வருடம் தீபாவளி கழிந்த செவ்வாய்க்கிழமை, பொரிப்பு நாள். விடிந்தும் விடியாத நேரத்தில் பாவாயி அவன் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். உடம்பு சுடுதுங்க சார், இருமல் வேற, இன்னிக்கு ஒரு நாள் வீட்டுக்குப் போகட்டுங்களா என்று கேட்டாள். பதினோரு வருடத்தில் அவள் லீவு கேட்டது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான். உள்ளே எண்பதாயிரம் குஞ்சு ஓட்டை உடைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. முட்டையை அடைவைத்த இருபத்தோராவது நாள் குஞ்சு வெளியே வரும், யாருக்குக் காய்ச்சல் என்றெல்லாம் அது கேட்காது, வந்த அன்றே ஊசி விழ வேண்டும், லாரி வாசலில் நிற்கும். அவன் அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. இந்தப் பொரிப்ப மட்டும் முடிச்சுக் குடுத்துருங்கக்கா என்றான். அவளும் சரிங்க என்று போய்விட்டாள். இந்தப் பொரிப்ப மட்டும். அந்த மூன்று வார்த்தையை அவன் அதற்குப் பிறகு எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறான் என்று கணக்கே இல்லை. குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பான், வண்டி ஓட்டும்போது சொல்லிப் பார்ப்பான், கொஞ்சம் மெதுவாகச் சொன்னால் அவ்வளவு மோசமாக இல்லையோ என்று பார்ப்பான், எப்படிச் சொன்னாலும் ஒரே மாதிரிதான் இருந்தது. அன்று சாயங்காலம் வரைக்கும் நின்று ஊசி போட்டாள். வெள்ளிக்கிழமைப் பொரிப்புக்கு அவள் வரவில்லை, அவளோடு இன்னும் ஒன்பது பேர் வரவில்லை, அடுத்த செவ்வாய்க்கு இருபத்தாறு பேர் இல்லை. கணக்குப்பிள்ளையும் லாரி டிரைவரும் ஜெனரேட்டர் மெக்கானிக்கும் தலைக்கு வலைத் தொப்பி மாட்டிக்கொண்டு குஞ்சுகளைப் பிடித்த கூத்தை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். டிரைவர் பிடித்த குஞ்சு ஒன்று அவர் சட்டைக்குள் போய்விட, அவர் ஆடிய ஆட்டத்தில் நாலு பெட்டி சரிந்தது. அவனும் சிரித்தான்தான். சிரித்துவிட்டு மெக்கானிக்கின் வண்டியில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனான். பாவாயி மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள், நிமோனியா, ஒன்பது நாள் ஆக்சிஜன். ரொட்டியையும் ஆரஞ்சையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றான். அவள் கண்ணைத் திறந்து, மூச்சு வாங்க வாங்க, குஞ்சு ரொம்பப் போயிருச்சுங்களா சார் என்று கேட்டாள். அதற்கு அவன் என்ன பதில் சொன்னான் என்று அவனுக்கு நினைவில்லை. மன்னிச்சுக்குங்கக்கா என்று சொல்லத்தான் போனான், அதைச் சொல்லவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. அப்புறம் அவள் தேறி, வேலைக்கு வந்து, ஒரு வருடமே ஓடிப்போயிற்று. சொல்ல நேரம் பார்த்துப் பார்த்து, நேரம் வரவே இல்லை. நேரத்துக்குப் பதிலாக இந்த ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். அவள் ஒருத்தி போட்டுக்கொண்டால் போதும் என்றுதான் இத்தனையும், மற்ற நாற்பத்திரண்டு பேரும் அவளுக்குத் துணைக்கு. இருமலும் இளைப்பும் இன்னும் முழுதாக விடாத அந்த நெஞ்சுக்கு இந்த மழையில் இன்னொரு தடவை வந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

பயம் என்று வந்த பிறகு இரண்டில் எது பெரிய பயம் என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே. மாதேஸ்வரன் நடந்தான். பதினைந்து தப்படி இருக்கும். ஐந்தாவது தப்படியில், தான் முழுக்கைச் சட்டை போட்டிருப்பது நினைவுக்கு வந்தது. முழுக்கையைத் தோள் வரைக்கும் மடித்து ஏற்ற முடியாது, பொத்தானைக் கழற்றி ஒரு கையை வெளியே எடுத்தாக வேண்டும். எட்டாவது தப்படியில், உள்ளே போட்டிருப்பது எந்த பனியன் என்று நினைவுக்கு வந்தது. அக்குளில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை, தூக்கிப் போட்டுவிடுகிறேன் என்று கோமதி போன மாதமே கையில் எடுத்ததைப் பிடுங்கி வைத்துக்கொண்டவன் அவன்தான். இந்த உலகத்தில் மனிதனை அவமானப்படுத்துவதற்கென்றே சில பொருள்கள் கூடிப் பேசிக்கொண்டு காத்திருக்கின்றன: ஃபாரம், பனியன், கால் விரிந்த நாற்காலி. உட்கார்ந்தான். நாற்காலி ஒரு முனகு முனகியது. பொத்தானைக் கழற்றினான், பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், ஓட்டையைப் பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது, பார்க்கட்டும். இடது தோளில் குளிர்ந்த பஞ்சு பட்டது. ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதும் நான்காம் வகுப்பு, ஜீப், சோளக்காடு எல்லாம் வரிசையாக வந்து கண்ணுக்கு முன்னால் நின்றன. கையை லூசா விடுங்க சார் என்றாள் பர்வீன். விட்டேனே என்றான். விடலையே, கல்லாட்டம் இருக்கு என்றாள். கை அவன் சொல்வதைக் கேட்கவில்லை. காதில் விர்ரென்று ஒரு சத்தம், அது மின்விசிறியா தன் தலையா என்று தெரியவில்லை, மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டியே வைத்திருக்கலாம், பஞ்சு பறந்தால் பறக்கட்டும் என்று விட்டிருக்கலாம். அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து அவன் பிடரியைப் பிடித்தது. அழுத்தவில்லை, நெரிக்கவில்லை. இரண்டு விரலும் கட்டை விரலும், காய்ப்புக் காய்த்த சொரசொரப்போடு, கதகதப்பாக, தோலை ஒரு துளி தூக்கிப் பிடித்தது. அவ்வளவுதான், அவனுக்குத் தோள் தன்னால் இறங்கிவிட்டது. ஏன் என்று கேட்டால் தெரியாது. பத்து வருடமாக அந்தப் பிடியில் குஞ்சுகள் கத்துவதை நிறுத்துவதை அவன் மேலாகப் பார்த்திருக்கிறான், ஏன் நிறுத்துகின்றன என்று யோசித்ததில்லை. ஆச்சுங்க என்று பர்வீன் சொன்னாள். என்ன ஆச்சு என்று கேட்டான். கூடமே சிரித்தது. பாவாயி கையை எடுத்துக்கொண்டு, எண்பதாயிரத்து ஒண்ணு என்று சொன்னாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தான். ஊசி போட்டுக்கொண்டவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்துதான் போக வேண்டும், அது நர்ஸ் வைத்த சட்டம். பாவாயி கேட்ட பத்து நிமிடமும் அதிலேயே அடங்கும். மயக்கம் வருகிறதா என்று தன்னையே தோண்டித் தோண்டிப் பார்த்தான். வரவில்லை. மாறாக, பசித்தது. உள்ளுக்குள் ஒரு குஷி கிளம்பி, கோமதிக்கு இப்போதே ஃபோன் போட்டு, விழவில்லை, நேராக உட்கார்ந்திருக்கிறேன், பனியன் மட்டும்தான் மானத்தை வாங்கியது என்று சொல்லத் தோன்றியது. தோளில் ஒரு எறும்பு கடித்த மாதிரி இருந்தது, அதையும்கூட நினைத்துப் பார்த்தால்தான் தெரிந்தது. முப்பத்திரண்டு வருடமா இதற்குப் பயந்து செத்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது, வெட்கத்தையும் மீறிச் சிரிப்பாகவும் இருந்தது. ஐந்து நிமிடம் போயிற்று, எட்டு நிமிடம் போயிற்று. நேராகத்தான் இருந்தான். வேண்டுமென்றே எழுந்து நின்று, தண்ணீர் பிடித்துக் குடித்து, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் திரும்பி வந்தான். பத்து. மணி பத்தே கால். ஒருத்தியும் எழவில்லை. குஷி மெல்ல வடிந்தது. இனி என்னதான் வேண்டும் இவர்களுக்கு? பாவாயி அவனுக்குப் பின்னால் நின்றவள் நின்றபடியே இருந்தாள், நாற்காலிக்கு அந்தப் பக்கம், கையைக் கட்டிக்கொண்டு. அவன் எழுந்து அவளிடம் போனான். அந்த ஃபாரத்தை மறந்துருங்கக்கா, அது என் சோம்பேறித்தனத்தால் வந்தது, இறப்பும் இல்லை, கழிவும் இல்லை, அதை நினைத்துப் பயப்படாதீர்கள் என்று தாழ்ந்த குரலில் கெஞ்சினான். பாவாயி அவனை வினோதமாகப் பார்த்தாள். ஃபாரமா, அதைப் படித்துவிட்டு இரண்டு நாளாக நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறோம், ஒருத்தியை ஒருத்தி ஒரு நாள் வயசுக்காரி என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறோம், உங்க முகத்துக்கு முன்னால் சிரித்தால் நீங்க சங்கடப்படுவீங்கன்னு அடக்கி வெச்சிருக்கோம் என்றாள். அவளுக்கு இப்போதும் உதட்டோரம் துடித்தது. அப்படியென்றால் எதற்குத்தான் பயம் என்று அவன் கேட்டான். அவள் பெஞ்சுகள் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“நாளைக்குப் பொரிப்புங்க சார். ஊசி போட்டா ஒரு நாள் ஒடம்பு சுட்டாலும் சுடும்னு இந்த நர்ஸுப் புள்ள சொல்லுது. எனக்குச் சுட்டுச்சுன்னா விடியால உங்க மேசைக்கு முன்னால வந்து நிக்கோணும். அதுதானுங்க. ஊசியொண்ணும் இல்லீங்க.”

மாதேஸ்வரனுக்குக் காதில் அந்த விர்ரென்ற சத்தம் மறுபடி வந்தது. இந்த முறை அது மின்விசிறி இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தது. நேற்றிலிருந்து தான் எங்கெங்கோ சுற்றியிருக்கிறோம், ஃபாரம், முட்டை, விரதம், பனியன் ஓட்டை என்று சந்து சந்தாக அலைந்திருக்கிறோம், விஷயமோ தன் மேசைக்கு முன்னாலேயே நின்றிருக்கிறது. நர்ஸுக்கு வியாழக்கிழமைதான் ஒழியும் என்றதும், சரி என்று நாள் குறித்தவன் அவன். மறுநாள் பொரிப்பு என்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும். பொரிப்பை நினைத்தான், குஞ்சை நினைத்தான், லாரியை நினைத்தான். சுடும் உடம்போடு வந்து நிற்பவளை நினைக்கவில்லை, இரண்டாம் தடவையாக. இவர்கள் யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். அவனுக்கு அழுகை வந்தது. சூப்பர்வைசர் அழுதால் நன்றாக இருக்காது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டான். சொல்ல வேண்டியது ஒரு வருடமாகத் தொண்டையிலேயே இருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை.

“போன வருசம் நீங்க வந்து நின்னப்ப நான் உங்கள வீட்டுக்கு அனுப்பிச்சிருக்கோணும்க்கா. தப்பு எம்மேலதான். நாளைக்கு ஒடம்பு லேசாச் சுட்டாக்கூட வராதீங்க. மேசைக்கு முன்னால வந்து நிக்கவே வேண்டாம். பொரிப்ப நான் பாத்துக்கறேன்.”

பாவாயி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குஞ்சு நல்லதா சொத்தையா என்று பார்ப்பாளே, அந்த மாதிரி அவனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாளோ என்று அவனுக்கு இருந்தது. பிறகு பெஞ்சுகள் பக்கம் திரும்பி, பதினோரு வருடத்தில் முதல் தடவையாகச் சத்தமாக, ஏ புள்ளைங்களா, ஊசி போட்டு நாளைக்குக் காச்சல் வந்தா லீவாமா, சம்பளத்தோட, சார் சொல்றாங்க என்றாள். சம்பளத்தோட என்று அவன் சொல்லவில்லை. அதைச் சொல்லும் அதிகாரமும் அவனுக்கு இல்லை, அது முதலாளி வாயிலிருந்து வர வேண்டிய வார்த்தை, நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள், யார் பிடிப்பது, யார் குத்துவது, டிரைவர் சட்டைக்குள் மறுபடி குஞ்சு போகுமே என்று மனம் கிளம்பி ஓடப் பார்த்தது. திருத்துவதற்கு வாயைத் திறந்தான். நாற்பத்திரண்டு முகமும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆமாங்க, சம்பளத்தோடதான் என்றான். சொன்ன பிறகு அது தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. ஆனால் முதலாளியிடம் என்ன சொல்வது என்று யோசிக்க மனம் வரவில்லை, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். பெஞ்சுகள் கரகரவென்று பின்னால் நகர்ந்தன. முந்தியடித்துக்கொண்டு எழுந்தவர்களைப் பார்த்து, ஒருத்தர் பின்னால ஒருத்தர் வாங்க என்று பர்வீன் கத்த வேண்டியிருந்தது. தீவன ஆலைக்கு ஃபோன் போட்டு, வர ஒரு மணி நேரம் ஆகும் என்றும் சொன்னாள்.

முதல் ஆளாகப் பாவாயி உட்கார்ந்தாள். சட்டைக் கையை அவளே மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, நர்ஸ் பஞ்சு தேய்ப்பதையும் மருந்து ஏற்றுவதையும் தொழில்காரியின் கண்ணோடு உற்றுப் பார்த்தாள். கொஞ்சம் சாய்ச்சுப் புடி கண்ணு என்று ஒரு யோசனையும் சொன்னாள். ஊசி இறங்கும்போது ஊசியை விட்டுவிட்டு நிமிர்ந்து மாதேஸ்வரனைப் பார்த்தாள்.

“நாளைக்குக் காச்சல் வந்தாலும் சரிங்க, வராட்டியும் சரிங்க, நான் வரல. போன வருசம் கேட்ட லீவுங்க அது.”

எடுத்துக்குங்கக்கா என்றான் மாதேஸ்வரன். அவள் பஞ்சைத் தோளில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அடுத்தவளுக்கு இடம் விட்டு எழுந்தாள்.